கையை மடக்கினால் புஜம் புடைக்கிறதே, உள்ளே தசையில் இருக்கும் நுண் இழைகள் ரப்பர் மாதிரி சுருங்குகின்றனவா?

இல்லை. இழைகளின் நீளம் மாறுவதில்லை. ஒன்றையொன்று உரசியபடி வழுக்கிச் செல்கின்றன. 1954-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டு சொன்னன.

ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் வடத்தைப் பிடித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இழுக்கும்போது வடம் குட்டையாவதில்லை, தேர்தான் நகர்கிறது. தசைச் செல்லில் ஆக்டின், மயோசின் என இரண்டு வகைப் புரத இழைகள். ஆக்டின் இழைதான் வடம். மயோசின் இழையில் நீட்டிக்கொண்டிருக்கும் தலைகள் கைகள். பிடி, இழு, விடு, கொஞ்சம் தள்ளிப் பிடி. ஒரு இழுப்புக்கு நகர்வது ஏறத்தாழ 10 நானோமீட்டர்தான்! ஆனால் ரதவீதி மாதிரி யாரும் நடப்பதில்லை. நின்ற இடத்திலிருந்தே இழுப்பு. எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் இழுப்பதும் இல்லை.

சரி, தொடங்கச் சொல்வது யார்? கால்சியம். நரம்பின் சைகை வந்ததும் செல்லுக்குள் இருக்கும் சேமிப்புப் பைகளிலிருந்து அது வெளியேறி, ஆக்டின் இழைமேல் இருக்கும் ட்ரோபோனின் என்ற புரதத்தில் ஒட்டும். உடனே ஆக்டினில் மறைந்திருந்த பிடிமான இடங்கள் திறந்துகொள்ளும்.

பலரும் தவறவிடுவது ஒன்று: பிடித்த தலை விடுவதற்கும் ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) வேண்டும். இறந்த உடல் விறைப்பது அதனால்தான். ஏடிபி தீர்ந்துவிட்டது, பிடித்த கை விடவில்லை.