மார்சேயில் பத்து நாள்: காற்றைக் கேட்டுப் புறப்படுங்கள்

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "என் மகள் பிரான்ஸில் மார்சேய் நகரில் படித்தபோது ஒரு வயதான தம்பதியின் வீட்டில் தங்கியிருந்தாள். இப்போது அவர்கள் என்னையும் மனைவியையும் செப்டம்பரில் பத்து நாள் வந்து தங்கச் சொல்கிறார்கள். எனக்கு வயது 63. மனைவிக்கு முழங்கால் வலி. முட்டைகூடச் சாப்பிட மாட்டார். ஒரே ஊரில் பத்து நாள் அலுத்துவிடும், பாரிஸ், நீஸ், ரோம் எல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார் டிராவல் ஏஜென்ட். சேர்க்கலாமா? விசாவுக்கு என்ன காட்டுவது? அவர்கள் வீட்டில் எப்படி இருப்பது?"

சேர்க்க வேண்டாம். வேண்டுமானால் திரும்பும்போது பாரிஸில் இரண்டு இரவு தங்குங்கள். மார்சேயிலிருந்து அதிவேக ரயிலில் மூன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நீஸும் ரோமும் இன்னொரு பயணத்துக்கு இருக்கட்டும். ஒரு வீட்டுக்குள் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தால் அந்த அழைப்பு வீணாகிவிடும்.

முதலில் விசாவைப் பார்த்துவிடுவோம். இதில் உங்களைவிட அவர்களுக்குத்தான் அலைச்சல். ஹோட்டலில் தங்குகிறவர் முன்பதிவைக் காட்டினால் போதும். வீட்டில் தங்குகிறவருக்கு, வீட்டுக்காரர் தம் நகரமன்றத்தில் விண்ணப்பித்து வாங்கித் தரும் வரவேற்புச் சான்று வேண்டும். பிரெஞ்சில் அதை அத்தெஸ்தாசியோன் தக்கேய் என்பார்கள். வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், வருமான ஆதாரம், உங்கள் பாஸ்போர்ட் விவரம் இவற்றோடு 30 யூரோ வரி முத்திரையும் அவர்கள் கொடுக்க வேண்டும். சான்று மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்ப வராது. அந்தத் தொகையை நீங்களே தருவதாக முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படம் போதாது. மூலச் சான்றே கூரியரில் வர வேண்டும், பயணத்தின்போதும் அது கைப்பையில் இருக்க வேண்டும். செப்டம்பர் பயணத்துக்கு மே மாதமே அவர்களைத் தொடங்கச் சொல்லுங்கள், ஏனென்றால் நகரமன்றத்தில் நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம்.

மற்றதெல்லாம் பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் வழக்கமான விதிகள்தான். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும். வரவேற்புச் சான்று இருந்தால் செலவுக்குக் காட்ட வேண்டிய பணமும் குறைகிறது. ஹோட்டல் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 65 யூரோ, சான்றோடு போகிறவருக்கு அதில் பாதி, 32.50 யூரோ.

இனி ஊருக்கு வருவோம். எந்த நாளில் எங்கே போவது என்பதை மார்சேயில் மிஸ்திரல் காற்றுதான் முடிவு செய்யும். ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடமேற்கிலிருந்து இறங்கும் வறண்ட குளிர்காற்று அது. மிஸ்திரல் வீசும் நாளில் வானத்தில் ஒரு மேகம் இருக்காது, வெயிலும் பளிச்சென்று அடிக்கும், ஜன்னலிலிருந்து பார்த்தால் கடலுக்குப் போக இதைவிட நல்ல நாள் இல்லை என்றே தோன்றும். ஆனால் அன்று பழைய சிறைக்கோட்டை இருக்கும் இஃப் தீவில் படகு அணைய முடியாமல் போகும். மேல்மட்ட நீரைக் காற்று தள்ளிக்கொண்டு போக, அடியிலிருந்து குளிர்நீர் ஏறிவரும். கோடையிலும் கடலில் கால் வைக்க முடியாத அளவுக்குச் சில்லிட்டுவிடும். காட்டுத் தீ அபாயமும் கூடும். 2025 ஜூலை 8 அன்று தீ நகரின் வடபகுதி வரை வந்து விமான நிலையத்தையே மூட வைத்தது. இந்தத் தீ அபாயத்தால்தான் ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஊருக்குத் தெற்கே உள்ள கலாங்க் மலைக்குள் நடந்து போகலாமா கூடாதா என்பதைத் தினந்தோறும் அறிவிப்பார்கள்.

ஆகவே திங்கள் இங்கே, செவ்வாய் அங்கே என்று கோவையிலிருந்தே அட்டவணை போட்டுக்கொண்டு போகாதீர்கள். காற்று அடங்கிய நாளுக்கு ஒரு பட்டியல், காற்று வீசும் நாளுக்கு ஒரு பட்டியல், இரண்டு போதும். இரவுச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் "நாளைக்குக் காற்று எப்படி?" என்று கேளுங்கள். அந்த ஊரில் வயதானவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். உள்ளூர்க்காரர் வீட்டில் தங்குவதன் பெரிய லாபமே இதுதான்.

காற்றில்லாத நாளுக்கு முதலிடம் கலாங்க். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்த இடுக்குகள் அவை. 2012இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். நடந்து போகும் பாதைகள் உங்கள் மனைவிக்கு ஒத்துவராது, செங்குத்தான சரிவும் உருளும் கல்லுமாக இருக்கும். பழைய துறைமுகத்திலிருந்து கிளம்பும் படகில் சில மணி நேரம் சுற்றி வாருங்கள். என்னைக் கேட்டால் அதைவிடவும் ஒரு ரயிலைச் சொல்வேன். சேன் ஷார்ல் நிலையத்திலிருந்து மேற்கே நியோலோன், காரி ல ரூவே வழியாகப் போகும் நீலக்கரை ரயில். 1915இல் திறந்த பாதை. கடலோரப் பாறையைக் குடைந்தும் வளைவுப் பாலங்களில் ஏறியும் போகும். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொரு இடுக்காகக் கீழே கடலைப் பார்க்கலாம். போகும்போது இடது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பயணிகள் ரயில் என்பதால் கட்டணமும் குறைவு. காரியில் இறங்கி மீன்பிடித் துறையில் ஒரு காப்பி குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடலாம். காலைப்பொழுது இனிமையாகப் போய்விடும்.

காற்று வீசும் நாளுக்கு அருங்காட்சியகங்கள். துறைமுக வாயில் பக்கத்திலிருக்கும் மியூசெம் 2013இல் திறக்கப்பட்டது, மத்தியதரைக் கடல் நாடுகளின் வாழ்க்கை பற்றியது. அதற்கு அடுத்த கட்டடம் கோஸ்கேர் குகையின் மறுவடிவம். உண்மையான குகையின் வாசல் கடலுக்கடியில் 37 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. உள்ளே பனியுகத்து மனிதர் வரைந்த குதிரைகளும் பெங்குவின் போன்ற பறவைகளும் உண்டு. 2022 முதல் அதன் நகலை வண்டியில் உட்கார்ந்தபடியே சுற்றிப் பார்க்கலாம், முழங்காலுக்கு வேலையே இல்லை. அங்கிருந்து வடக்கே ழொலியேத் கப்பல் துறை நீள்கிறது. சூயஸ் கால்வாய் திறந்தபின் கொழும்பு வழியாகச் சைகோன் வரை போன பிரெஞ்சுக் கப்பல்களுக்கு அதுவே தாய்த்துறை. புதுச்சேரியிலிருந்து பிரான்ஸுக்குப் போன தமிழர் பலர் முதலில் கால் வைத்த மண் அது. ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

குன்றின் உச்சியிலிருக்கும் நோத்ர் தாம் த லா கார்த் தேவாலயத்துக்குப் பழைய துறைமுகத்திலிருந்து 60ஆம் எண் பேருந்து ஏறுகிறது. கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல்கள் தொங்கும், சுவர் முழுக்க நன்றிப் பலகைகள். வேளாங்கண்ணியில் நேர்த்திக்கடன் பொருட்களைப் பார்த்தவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மாலையில் 83ஆம் எண் பேருந்து கடலோரச் சாலையிலேயே போகும். சூரியன் மறையும் நேரத்தில் ஏறுங்கள். பழைய குடியிருப்பான லெ பனியே மேடும் படிகளும் நிறைந்தது. அங்கே மட்டும் துறைமுகத்திலிருந்து கிளம்பும் சுற்றுலாக் குட்டி ரயிலில் போங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு இடம், அதற்கு மேல் வேண்டாம். காலை பத்து மணிக்கு நீங்கள் இருவர் மட்டும் வெளியே கிளம்புங்கள். வீட்டுக்காரர்களுக்கும் சந்தை, மருத்துவர், மதியத் தூக்கம் எல்லாம் உண்டு. பத்து நாளும் உங்களைக் கூட்டிக்கொண்டு அலைய வேண்டும் என்ற எண்ணம் வந்தால் நான்காம் நாளே களைத்துவிடுவார்கள், அதை வெளியே சொல்லவும் மாட்டார்கள். இரவுச் சாப்பாட்டையும், அவர்களாகக் கூப்பிடும் ஒன்றிரண்டு வெளிப்பயணங்களையும் சேர்ந்திருக்கும் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மதிய விருந்து மட்டும் நீளமானது. பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தால் நான்கு மணி ஆகிவிடும், அன்று வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குப் பிறகுதான். அதற்கு முன் ஏழு மணிவாக்கில் அப்பெரோ என்று பானமும் கொறிக்க ஏதாவதும் வைத்துப் பேசுவார்கள். மார்சேயில் சோம்பு மணக்கும் பஸ்திஸ் மதுதான் வழக்கம். குடிக்காதவர் தயங்காமல் ஓர்ஜா கேட்கலாம், தண்ணீர் கலந்து குடிக்கும் பாதாம் சர்பத் அது. சந்திக்கும்போது கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிடுவது அங்கே வழக்கம். உங்களுக்கு அது கூச்சமாக இருந்தால் புன்னகையோடு கையை முந்தி நீட்டிவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். கடையில் நுழைந்ததும் போன்ழூர் சொல்லாமல் இருப்பதைத்தான் தவறாக நினைப்பார்கள்.

மனைவியின் சாப்பாட்டைப் பற்றி இப்போதே எழுதிவிடுங்கள். "சைவம்" என்று மட்டும் எழுதினால் போதாது. மீன், முட்டை இரண்டையும் பெயர் சொல்லி விலக்குங்கள், ஏனென்றால் அந்த ஊரில் மீன் எதிர்பாராத இடத்தில் வரும். ஆலிவை அரைத்துச் செய்யும் தப்பெனாத் துவையலில் நெத்திலி போன்ற அன்ஷுவா மீன் சேர்ப்பார்கள். உள்ளூர்ப் பீட்சாவிலும் அது உண்டு. பூண்டு வாசனையோடு வரும் அயோலியில் இப்போது பெரும்பாலும் முட்டை மஞ்சள் கரு இருக்கும். கவலையில்லாமல் சாப்பிட பனீஸ் இருக்கிறது. கடலை மாவைக் களியாகக் கிண்டி, ஆறவைத்து, வில்லையாக வெட்டி எண்ணெயில் பொரித்தது. எஸ்தாக் கடற்கரைக் கடைகளில் சுடச்சுடக் கிடைக்கும். ரத்தத்தூயி என்ற கத்திரிக்காய், தக்காளிக் கூட்டும் நல்லது. நொவாய் சந்தையில் பருப்பு, கொத்தமல்லி, பச்சை மிளகாய் எல்லாம் வாங்கலாம். ஒரு இரவு நீங்கள் சமைத்துப் போடுவதாகச் சொல்லுங்கள். எந்த நாள் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

உங்களுக்கு மீன் பிடிக்குமென்றால் புய்யாபேஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விற்காத பாறைமீன்களைப் போட்டு மீனவர் காய்ச்சிய குழம்பு, இன்று நல்ல உணவகங்களில் ஒருவருக்கு 70, 80 யூரோ வரை போகும், முன்கூட்டியே சொல்லி வைக்கவும் வேண்டும். துறைமுகத்தில் மலிவாகப் பலகை வைத்திருக்கும் இடங்களைத் தவிருங்கள். வீட்டுக்காரர்களை ஒருமுறை வெளியே சாப்பிட அழைத்துப் போக நினைத்தால், நல்ல இடம் எது என்று அவர்களிடமே கேளுங்கள். நீங்கள் அழைத்தால் பில்லும் உங்களுடையதே.

பரிசாகப் பால்கோவா, நெய் கொண்டுபோக நினைத்திருப்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பால், நெய், இறைச்சிப் பொருட்களை எடுத்துச் செல்லக் கூடாது. கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் தாவர நலச் சான்று கேட்பார்கள். சிறிய அளவு பவானி ஜமக்காளம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கடற்கரைப் பாறையில் விரித்து உட்கார்ந்து சாப்பிடும் பழக்கமுள்ள ஊர் அது, நிச்சயம் பயன்படும். கூடவே நீலகிரித் தேயிலை. பரிசை உங்கள் கண்முன்னே பிரித்துப் பார்ப்பது அங்கே மரியாதை. அங்கே போய்ப் பூ வாங்கிக் கொடுப்பதானால் சாமந்தி வேண்டாம், அது கல்லறைக்கு வைக்கும் பூ.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மகள் கேட்பாள். போதைப்பொருள் கும்பல் மோதல்கள் பற்றி வரும் செய்திகள் பெரும்பாலும் நகரின் வடக்கிலுள்ள குடியிருப்புகளைப் பற்றியவை. உங்களுக்கு இருக்கும் அபாயம் ஜேப்படிதான். ரயில் நிலையம், மெட்ரோ, நொவாய் சந்தை மூன்றிலும் பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். தங்கச் சங்கிலியைக் கோவையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கடைசி நாள் காலையில் படுக்கை விரிப்பையும் துண்டையும் என்ன செய்யட்டும் என்று கேளுங்கள். பல வீடுகளில் விருந்தாளியே கழற்றி மடித்து வைப்பது வழக்கம். ஊர் வந்து சேர்ந்ததும், அவர்கள் இருவரும் இருக்கும் படமொன்றை அச்சிட்டு, கையால் எழுதிய கடிதத்தோடு தபாலில் அனுப்புங்கள். பிரெஞ்சு வரிகளை மகள் எழுதிக் கொடுப்பாள்.