பத்து நிமிட அதிர்வுப் பதிவை நம்பி வீடு கட்டலாமா?

கேள்வி: பள்ளிக்கரணையில் எங்கள் மனையில் தரைத்தளமும் அதற்கு மேல் நான்கு மாடியும் கட்டப்போகிறோம். இடைத்தரகர் ஒருவர் சிறு பெட்டியைப் பத்து நிமிடம் தரையில் வைத்து எடுத்துவிட்டு, ‘நிலநடுக்கத்தைத் தாங்கும் மண்’ என்று சான்றிதழ் தருகிறார். இனி மண் பரிசோதனை வேண்டாம் என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். கருவி நல்ல கருவிதான். அந்தச் சான்றிதழ்தான் ஏமாற்று.

கடல் அலையாலும் காற்றாலும் லாரிகளாலும் நிலம் எப்போதும் லேசாக அதிர்கிறது. பக்கவாட்டு அதிர்வை மேல்கீழ் அதிர்வால் வகுத்து, மண் நொடிக்கு எத்தனை ஆட்டத்தில் அதிகம் ஆடும் என்று கண்டறிவது 1989-இல் ஜப்பானிய ஆய்வாளர் நகமுரா பரவலாக்கிய முறை. உதாரணத்துக்கு, 20 மீட்டர் களிமண்ணில் குறுக்கலை (மண்ணைப் பக்கவாட்டில் ஆட்டியபடி போகும் அதிர்வலை) நொடிக்கு 160 மீட்டர் போனால், அந்த 160-ஐ ஆழத்தின் நான்கு மடங்கான 80-ஆல் வகுக்க வேண்டும்: நொடிக்கு 2 ஆட்டம். ஐந்து தளக் கட்டடமும் ஏறக்குறைய அதே கதியில்தான் ஆடும். இரண்டும் ஒத்துப்போனால் ஆபத்து. 1985-இல் நிலநடுக்க மையத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த மெக்சிகோ நகரத்தில், பழைய ஏரிப் படுகைமேல் நின்ற கட்டடங்கள் சரிந்தது இதனால்தான்.

இப்படி வகுத்து வந்ததைக் கோடாக வரைந்தால், மண் அதிகம் ஆடும் இடத்தில் கோடு முகடாக எழும்பும். அந்த முகட்டின் உயரத்தைக் காட்டி ‘அதிர்வு இத்தனை மடங்கு பெருகும்’ என்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்து வீட்டு மோட்டார் ஓடினாலே ஊசிபோல் ஒரு பொய் முகடு வரும்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். கோடு தட்டையாக வந்தால் ‘அடியில் பாறை, கவலையில்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். பாறைமேல் தட்டையாக வருவது உண்மை. ஆனால் இளகிய மண்ணுக்குக் கீழே சட்டென்று கெட்டியான அடுக்கு வந்தால்தான் முகடு தெளிவாகத் தெரியும். களிமண், கெட்டிக் களிமண், சிதைந்த பாறை எனப் படிப்படியாக இறுகிக்கொண்டு போனால் முகடு மங்கிவிடும். கோடு தட்டை, மேல்மண்ணோ சதுப்புதான். உங்கள் பகுதியில் இதற்கு வாய்ப்பு உண்டு.

சென்னை 2002-இல் மிதமான ஆபத்துள்ள மூன்றாம் நிலநடுக்க மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. கிண்டிப் பாறைக்கும் உங்கள் சதுப்புக்கும் மண்டலம் ஒன்றே. அதனால் மண்ணின் வகையையும் பார்க்கச் சொல்கிறது நிலநடுக்கத்துக்கான கட்டட விதிநூல். ஆனால் அனுமதி தரும் இடத்தில் அறிக்கை இணைக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் இடைத்தரகர்கள் ஏன் பெருகமாட்டார்கள்? இத்தனை ஆண்டுகளாக இதையே சொல்லிச் சலித்துவிட்டது.

முதலில் போர் போட்டு மண் பரிசோதனை செய்யுங்கள். அதிர்வுப் பதிவை அதற்குத் துணையாக, காற்றில்லாத இரவில், இரண்டு மூன்று இடங்களில், அரை மணி நேரமாவது எடுக்கச் சொல்லுங்கள். மூலப் பதிவைக் கேட்டு வாங்கி உங்கள் கட்டமைப்புப் பொறியாளரிடம் கொடுங்கள். தர மறுப்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.