சான்றிதழுக்கு முன்னால் ஒரு ஜெராக்ஸ் கடை

வணக்கம் அம்மா. மகளுக்கு கோடிங் நன்றாக வருகிறது, ஆனால் நாலு பேர் நடுவில் வாயே திறப்பதில்லை என்கிறீர்கள். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன் ஸ்க்ரம் (சிறு குழுவாகச் சேர்ந்து குறுகிய தவணைகளில் மென்பொருள் செய்யும் முறை) சான்றிதழ் வாங்கிவிடலாமா, பேச்சுப் பயிற்சியிலும் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். குழுவில் வேலையே செய்யாதவர் கையில் சான்றிதழ் மட்டும் இருந்தால், இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

படிக்க வேண்டியது கொஞ்சம்தான். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள்காரர்கள் கூடி எழுதிய அஜைல் அறிக்கை (ஸ்க்ரம் போன்ற முறைகளுக்குப் பொதுவான கொள்கைகள்), அப்புறம் ஸ்க்ரம் கையேட்டின் 2020 பதிப்பு. இரண்டும் இணையத்தில் இலவசம். ஒரு சாயங்காலம் போதும்.

மறுநாளே மூன்று தோழிகளுடன் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக்குப் போகட்டும். வாட்ஸ்அப்பில் வந்து குவியும் பிடிஎஃப்களில் எது யாருடையது, எத்தனை காப்பி என்று கடைக்காரர் திணறிக்கொண்டிருப்பார். அதற்கு ஒரு சின்ன ஆப். ஒரு வாரம் ஒரு ஸ்பிரின்ட், அதாவது ஒரு வேலைத் தவணை. முடிந்த அளவை சனிக்கிழமை அவர் கையில் கொடுக்க வேண்டும். "கலர் பிரின்ட்டுக்கு எங்கேம்மா தட்டுறது?" என்று அவர் கேட்டால், அதுதான் அடுத்த வார வேலை.

உங்கள் கவலைக்கு மருந்து பிளானிங் போக்கரில் இருக்கிறது. ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று ஆளுக்கொரு எண் சீட்டைக் கவிழ்த்து வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்புவார்கள். ஒருவர் முந்திக்கொண்டு எண்ணைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் மனம் அதையே சுற்றும். உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1974-இலேயே இதை விளக்கியிருக்கிறார்கள். மற்றவர்கள் 3 வைத்து உங்கள் மகள் 13 வைத்தால், "ஏன்?" என்று அவளைத்தான் கேட்பார்கள். பேசியாக வேண்டும், பேச விஷயமும் இருக்கும்.

பிறரை இணங்கவைக்கும் உளவியலிலும் எனக்குப் பிடித்தது ஒரு ஜெராக்ஸ் ஆய்வுதான். 1978-இல் உளவியலாளர் எலன் லாங்கர் குழுவினர் வெளியிட்டது. ஜெராக்ஸ் மெஷினில் காப்பி எடுக்கப் போனவர்களிடம் 'ஐந்து பக்கம்தான், நான் முதலில் எடுத்துக்கொள்ளட்டுமா?' என்று காரணம் சொல்லாமல் கேட்டபோது 60 சதவீதம் பேர் விட்டார்கள். 'காப்பி எடுக்கணும், அதனால' என்ற வெற்றுக் காரணத்துக்கே 93. ஆனால் 20 பக்கம் என்றதும் வெற்றுக் காரணம் 24-இல் நின்றது. உண்மையான காரணத்துக்கு 42. அதனால் கடைக்காரரிடம், "எல்லா ஆர்டரையும் இதிலேயே வாங்குங்கள்" என்று எடுத்த எடுப்பில் கேட்கக் கூடாது. "இன்று பத்தே பத்து ஆர்டர் மட்டும் வாங்கிப் பாருங்கண்ணா" என்று கேட்கட்டும்.

சொல்ல மறந்தேன். 'சலுகை இன்று இரவு வரைதான்' என்று கோர்ஸ்காரர்கள் உங்களுக்குச் செய்தி அனுப்பியிருப்பார்களே, அதுவும் உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1984-இல் எழுதிய, பிறரை இணங்கவைக்கும் ஆறு உத்திகளில் ஒன்றுதான்: கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம்.

ஆறு ஸ்பிரின்ட் முடியட்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் என்ன மாறியது என்று அவள் எழுதிவைத்த நோட்டோடு இருவரும் வாருங்கள். சான்றிதழைப் பற்றி அப்போது பேசுவோம்.