இயற்பியல் மேற்படிப்பு: எந்தப் பேப்பரை எடுப்பது?

எலெக்டிவ் தேர்வு செய்யும் நேரம் என்பதால், இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

வானியற்பியலில் பிஎச்.டி. செய்ய ஆசை. ஐந்தாம் செமஸ்டரில் வானியற்பியல், நியூமெரிக்கல் மெத்தட்ஸ் இரண்டில் ஒன்றுதான் எடுக்க முடியும். எது நல்லது? (பி.எஸ்சி. மாணவி, திருநெல்வேலி)

நியூமெரிக்கல் மெத்தட்ஸ். வானியற்பியலை எம்.எஸ்சி.யில் முதலிலிருந்து சொல்லித் தருவார்கள். ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டைக் கணினியில் தீர்க்க அங்கே யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரமாட்டார்கள். சூரியனைச் சுற்றும் கோளின் பாதையைச் சாதாரண ஆய்லர் முறையில் (சிறுசிறு அடியாக நகர்த்திக் கணக்கிடுவது) போட்டுப் பாருங்கள். சுற்றுக்குச் சுற்று பாதை விரிந்துகொண்டே போகும். ஏன் என்று கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். அதிலேயே வானியற்பியலும் கொஞ்சம் வந்துவிடும்.

ஜாம், ஜெஸ்ட், டி.ஐ.எஃப்.ஆர். மூன்றுக்கும் தனித்தனியாகப் படிக்க வேண்டுமா? (ஈரோடு)

வேண்டாம். மூன்றுமே எம்.எஸ்சி., பிஎச்.டி. சேர்வதற்கான நுழைவுத் தேர்வுகள்தான் (டி.ஐ.எஃப்.ஆர். என்பது மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் தேர்வு). இயக்கவியல், மின்காந்தவியல், வெப்ப இயக்கவியல், குவாண்டம், கணித முறைகள் இவை உறுதியாக இருந்தால் மூன்றுக்கும் முக்கால்வாசி ஆயிற்று. ஜாமில் 3 மணி நேரத்தில் 60 கேள்விகள். எலெக்ட்ரானிக்ஸும் திடநிலை இயற்பியலும் உண்டு, விட்டுவிடாதீர்கள். பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யின் இன்டகிரேட்டட் பிஎச்.டி.க்கு (எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்பு) ஜாம், சென்னை கணித அறிவியல் கழகத்துக்கு ஜெஸ்ட். அந்தந்த ஆண்டின் அறிவிக்கையை முழுதாகப் படியுங்கள்.

சார், பிசிக்ஸ் படிக்க நல்ல காலேஜ், நல்ல கோர்ஸ் சொல்லுங்கள். அவசரம். (ஊர் இல்லை)

எந்த ஆண்டு, என்ன மதிப்பெண், ஆய்வா, ஆசிரியர் வேலையா? ஒன்றும் எழுதாமல் அவசரம் என்றால் நான் என்ன சொல்வது? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

அலைடு (துணைப்பாட) மேத்ஸை ஒருவழியாகப் பாஸ் செய்துவிட்டேன். இனி மேஜரில் மட்டும் கவனம் செலுத்தினால் போதும்தானே? (இரண்டாமாண்டு, தஞ்சாவூர்)

போதாது. இந்தக் கேள்வியைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் மேல் அல்ல. "அலைடுதானே" என்று சொல்லிச் சொல்லியே நல்ல மாணவர்களைக் கெடுத்து வைத்திருக்கிறோம். கடைசி வாரம் கொஸ்டின் பேங்கில் பத்துக் கணக்கை உருப்போட்டு, எழுபது மதிப்பெண் வாங்கி, விடுமுறையில் மறந்துவிடுகிறார்கள்.

பிறகு நடப்பதைப் பாருங்கள். முதலாமாண்டில் ஒரு 2×2 அணி தருவார்கள்: மூலைவிட்டத்தில் இரண்டு பூஜ்யம், மற்ற இரண்டு இடத்திலும் 1. ஐகன் மதிப்பு (அணி சில திசையன்களை வெறுமனே பெருக்கும் எண்) ±1 என்று வகுப்பே போட்டுவிடும். மூன்றாமாண்டில் அதே அணி பாலி அணி என்ற பெயரில் வரும். எலெக்ட்ரானின் ஸ்பின்னை (அதன் உள்ளார்ந்த கோண உந்தத்தை) எக்ஸ் திசையில் அளந்தால் என்னென்ன விடை கிடைக்கலாம் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அன்று போட்ட அதே ±1-ஐ ஹெச்-பாரில் (பிளாங்க் மாறிலியை 2π-ஆல் வகுத்தது) பாதியால் பெருக்கினால் விடை வந்துவிடும். ஃபூரியர் தொடரும் (ஒரு சார்பைச் சைன், கொசைன்களின் கூட்டலாக எழுதுவது) அப்படித்தான். சதுர அலைக்குக் கெழு கண்டுபிடித்ததோடு விட்டவர், பெட்டிக்குள் அடைபட்ட துகளின் அலைச்சார்பைப் பிரிக்கச் சொன்னால் திணறுகிறார்.

ஆகவே கிடைக்கிற எலெக்டிவில் எல்லாம் கணிதம் எடுங்கள். நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், சிக்கலெண் சார்புகள், நிகழ்தகவு, இந்த வரிசையில். கல்லூரியில் இல்லையென்றால் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் வீடியோ பார்ப்பது படிப்பதாகாது; பேனா பிடித்துக் கணக்குப் போட வேண்டும். இன்னொன்று: பல ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. இயற்பியல் சேர, பட்டப்படிப்பில் குறைந்தது ஓராண்டாவது கணிதம் படித்திருக்க வேண்டும். வேதியியலும் கம்ப்யூட்டரும் மட்டும் அலைடாக எடுத்தவர்களுக்கு இது இறுதியாண்டில்தான் தெரியவருகிறது. அறிவிக்கையை முழுதாகப் படியுங்கள் என்று இதற்காகத்தான் ஓயாமல் சொல்கிறேன்.

அமெரிக்கா போக பிசிக்ஸ் ஜி.ஆர்.இ. கட்டாயமா? (கோவை)

இந்த நுழைவுத் தேர்வைப் பல துறைகள் விருப்பம் என்று மாற்றிவிட்டன, சில பார்ப்பதே இல்லை. அதைவிட முக்கியம், மூன்றாண்டுப் பட்டத்தைப் பல துறைகள் ஏற்பதில்லை. பள்ளியும் கல்லூரியும் சேர்த்து 16 ஆண்டுப் படிப்பு கேட்பார்கள். எம்.எஸ்சி. முடித்து விண்ணப்பிப்பதே நல்லது.

முதலாமாண்டில் ஒரு அரியர். கிளியர் செய்துவிட்டேன். வாய்ப்பு போச்சா? (விழுப்புரம்)

போகவில்லை. அதே பாடத்தின் அடுத்த பேப்பரில் நல்ல மதிப்பெண் எடுங்கள்.

கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட் எடுப்பதா, இன்னொரு தியரி பேப்பரா? (நாகர்கோவில்)

வழிகாட்டி வாரம் ஒருமுறையாவது உங்களோடு உட்காருவார் என்றால் ப்ராஜெக்ட். வெளியில் காசு கொடுத்து வாங்குகிற ரிப்போர்ட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு தியரி. பரிந்துரைக் கடிதம் எழுதுபவருக்கு உங்கள் வேலை தெரிந்திருக்க வேண்டும். ப்ராஜெக்டோ தியரியோ, ஒன்று: லேப் ரெக்கார்டில் முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண் 1.5237 என்று எழுதியிருப்பீர்கள். கடைசி இரண்டு இலக்கத்தை எந்த அளவை வைத்துச் சொன்னீர்கள் என்று நேர்முகத்தில் கேட்பார்கள். பிழைக் கணக்கீட்டை இன்றே பழகத் தொடங்குங்கள்.