ஊர்த் தொடக்கப் பள்ளியின் நூறாண்டு வரலாற்றை எழுத எங்கிருந்து தொடங்குவது?

நூற்றாண்டு மலருக்காகக் கேட்டிருக்கிறீர்கள். தலைமையாசிரியர் பட்டியல், நன்கொடையாளர் படம், வாழ்த்துச் செய்தி என்று மலரை முடித்துவிடாதீர்கள். தமிழ்நாட்டு ஒன்றியப் பள்ளிகளில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் திறக்க வேண்டியது சேர்க்கைப் பதிவேட்டை. பள்ளி யாருக்காக நடந்தது என்பதை அதைப்போல் வேறெதுவும் சொல்லாது.

பழைய பதிவேடுகளில் பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், தொழில், சாதி, சேர்ந்த நாள், நின்ற நாள் எல்லாம் இருக்கும். வரிசையாகப் படித்துக்கொண்டே போங்கள். ஆரம்பத்தில் எந்தத் தெருப் பிள்ளைகள் மட்டும் வந்தார்கள், கூலிவேலை செய்தவர்களின் பிள்ளை முதன்முதலாக எந்த வருடம் சேர்ந்தது, பெண்பிள்ளைகள் எந்த வகுப்போடு நின்றார்கள் என்று தெரியவரும். காமராசர் ஆட்சியில் மதிய உணவு தொடங்கிய 1956ஐயும், எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கிய 1982ஐயும் அடையாளமாக வைத்துக்கொண்டு, அவற்றுக்கு முன்னும் பின்னும் சேர்ந்தவர்களை எண்ணிப் பாருங்கள். உங்கள் ஊரில் சோறு என்ன மாற்றம் செய்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று சேர்த்துக்கொண்ட காலம் அது. தேதியை வாத்தியாரே கணக்குப் பார்த்துப் போட்டுவிடுவார்.

அப்புறம் பள்ளியின் பெயர். வயதானவர்கள் இன்னமும் ‘போர்டு ஸ்கூல்’ என்று சொன்னால் அதில் விஷயம் இருக்கிறது. தாலுகா போர்டுகள் என்ற அன்றைய உள்ளாட்சி அமைப்புகள் 1934இல் கலைக்கப்பட்டு, அவற்றின் பள்ளிகள் மாவட்ட அளவிலான ஜில்லா போர்டுக்குப் போயின. 1958ஆம் ஆண்டுச் சட்டங்களால் வந்த பஞ்சாயத்து யூனியன்கள், 1960களின் தொடக்கத்தில் அந்தப் பள்ளிகளை ஏற்றன. அந்த ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனது 1981இல்தான். மிஷன் பள்ளி, தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தொழிலாளர் துறை நடத்திய லேபர் ஸ்கூல், கள்ளர் சமூகப் பிள்ளைகளுக்காக அரசு நடத்திய கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்றால் பாதையே வேறு. ஆவணங்களும் வேறு இடத்தில் இருக்கும்.

கட்டடத்துக் கல்வெட்டு காட்டும் வருடம் கட்டடத்தின் வயது, அவ்வளவுதான். பள்ளி அதற்கு முன்பே ஒரு திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ நடந்திருக்கலாம். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் எடுக்கச் சொன்ன கணக்கில் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் வந்தன. பெரும்பாலும் ஊர்க்காரர்களே நடத்திய பள்ளிகள். பிற்பாடு அரசு மானியம் வாங்கிப் பதிவான பள்ளியாக மாறிய திண்ணைகளும் உண்டு.

எண்பது வயது தாண்டியவர்களிடம் இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தில் மீதி நேரம் வீட்டில் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். அடுத்த வருடமே அது கைவிடப்பட்டது. நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் என்ன கொடுத்தது என்றும் கேளுங்கள். பெஞ்சு, கடிகாரம், நிலம், சீருடைத் துணி என்று எளிய மனிதர்கள் கொடுத்ததெல்லாம் மலரில் வர வேண்டும்.

பதிவேட்டின் தாள் தொட்டாலே உதிரும். தலைமையாசிரியரிடமும் வட்டாரக் கல்வி அலுவலரிடமும் அனுமதி வாங்கி ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். மலரில் போடும்போது பெயரையும் சாதியையும் சேர்த்து அச்சிட வேண்டாம். எந்த வருடம் எத்தனை பேர் என்று மட்டும் போடுங்கள். அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் அதே ஊரில்தான் இருக்கிறார்கள்.