க்ளேவை இங்கேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள்

கேள்வி: புதுச்சேரியில் பாலிமர் க்ளே (ஓவனில் சுட்டால் இறுகும் செயற்கைக் களிமண்) நகைகள் செய்து விற்கிறேன். வீட்டில் வகுப்பும் எடுக்கிறேன். பாரிஸுக்கு அருகில் உள்ள ஒரு தமிழ்ச் சங்கம் நவம்பரில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பயிற்சி வகுப்பு எடுக்க அழைத்திருக்கிறது. நாளுக்கு 12 பேர், 3 மணி நேரம். டிக்கெட்டும் கட்டணமும் தருகிறார்கள். ஜிமிக்கி சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். எத்தனை கிலோ க்ளே எடுத்துப் போக வேண்டும்? ஓவன் அங்கேயே இருக்கிறதாம். சுற்றுலா விசா போதுமா?
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: போதாது. கட்டணம் வாங்கி வகுப்பெடுப்பது பிரான்ஸில் வேலைதான், இரண்டே நாள் என்றாலும். மூன்று மாதத்துக்குள் முடியும் சில கலை, பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்கு வேலை அனுமதியிலிருந்து விலக்கு உண்டு. உங்கள் வகுப்பு அதில் சேருமா, தனி அனுமதி வாங்க வேண்டுமா என்பதைச் சங்கத்தார் அங்குள்ள அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் தர வேண்டும். அது அவர்கள் வேலை. அழைப்புக் கடிதத்தில் தேதி, மண்டபத்தின் முகவரி, கட்டணம், தங்குமிடம், யார் செலவு என்பதெல்லாம் இருக்கட்டும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள்கூட ஆகும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். சங்கத்துக்கு இந்த வாரமே எழுதிவிடுங்கள்.

க்ளே ஒரு கிலோகூட வேண்டாம். க்ளே பிராண்டுகளில் ஃபிமோ ஜெர்மனியில் தயாராவது, செர்னிட் பக்கத்து நாடான பெல்ஜியத்தில் தயாராவது. இரண்டுமே அங்குள்ள கைவினைக் கடைகளில் கிடைக்கும். பிரெஞ்சில் ‘பாத் பொலிமேர்’ என்று கேட்கச் சொல்லுங்கள். பை நிறைய க்ளே கட்டிகளோடு போனால் எக்ஸ்ரேயில் அது அடர்த்தியான பொருளாகத் தெரியும், பையைப் பிரிக்கச் சொல்வார்கள். சுங்கத்திலும் அது விற்பனைச் சரக்கு போலத்தான் தோன்றும்.

செர்னிட் வாங்கச் சொல்வேன். நம் ஊர் வெக்கையில் அது கையில் குழைந்து ஒட்டும்; 20 டிகிரி அறையில் அளவாக இளகும், சுட்டபின் உறுதியாகவும் இருக்கும். மூன்று மில்லிமீட்டர் தடிமனில் ஒரு ஜோடி காதணிக்கு 13 கிராம் அளவுக்குப் போகும். வெட்டிய மிச்சம், அழுக்கான துண்டு, கலந்து கெட்ட நிறம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 45 கிராம் வையுங்கள். 24 பேருக்கு 1,080 கிராம். 56 கிராம் கட்டியில் 22 வாங்கினால் போதும்: வெள்ளை 10, கடுகு மஞ்சள் 4, காகிதப்பூ ரோஸ் 3, பச்சை 3, கறுப்பு 2. வெள்ளையில்தான் தூசியும் முந்தைய நிறமும் ஒட்டிப் பாழாகும், அதனால் அது கூடுதல். ஊரிலேயே இரண்டு கட்டி செர்னிட் வாங்கி முழுப் பாடத்தையும் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. இங்கே க்ளே இளகிப்போனால் வெள்ளைக் காகிதத்துக்கு நடுவில் வைத்து எண்ணெயை இழுக்கவிடுவது நமக்குப் பழக்கம். அங்கே அதைச் செய்யவே கூடாது, க்ளே வெடித்து உதிரும். நவம்பர் குளிரில் நேர்மாறான சிக்கல்தான் வரும். வகுப்புக்கு அரை மணி முன்பு க்ளேவை உறையோடு துண்டில் சுற்றி, வெதுவெதுப்பான நீர்ப்பையின்மேல் வையுங்கள். சூடு அதிகமானால் க்ளே பாதி வெந்துவிடும். கை தாங்கும் சூட்டுக்கு மேல் போகக் கூடாது.

“ஓவன் இருக்கிறது” என்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். மண்டபச் சமையலறைகளில் பெரும்பாலும் இருப்பது மைக்ரோவேவ், அது உதவாது. ஓவனின் சூட்டுக் குமிழ், உட்புறத் தட்டு இரண்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய பிரெஞ்சு ஓவன்களில் டிகிரிக்குப் பதில் 1 முதல் 10 வரை எண்தான் இருக்கும். எண்ணை 30-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய டிகிரி வரும்: 4 என்றால் 120, 5 என்றால் 150. செர்னிட்டுக்கு 110 முதல் 130 டிகிரியில் 30 நிமிடம். ஆக 4-இல் வையுங்கள், 5 பக்கம் போகவே வேண்டாம்.

ஆனாலும் குமிழ் சொல்வது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. நூறு கிராம் எடைகூட இல்லாத ஓவன் தெர்மாமீட்டரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பயணத்தில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வெள்ளிக்கிழமையே மண்டபத்துக்குப் போய் நடுத்தட்டில் டைல்ஸ் வைத்து, அதன்மேல் தெர்மாமீட்டரை வைத்து, 20 நிமிடம் சூடாக்கி, அடுத்த 15 நிமிடம் ஏற்ற இறக்கத்தைக் குறியுங்கள். சிறிய ஓவன் சூடேறும்போது வைத்த அளவைத் தாண்டி எகிறிவிட்டுத்தான் நிலைக்கும். நகைகள் உள்ளே போக வேண்டியது அதற்குப் பிறகே. அலுமினியத் தட்டு ஒன்றில் நகைகளை வைத்து, இன்னொன்றை மேலே கவிழ்த்து கிளிப் போட்டால் கம்பிச் சூடு நேராகப் படாது, ஓரம் கருகாது. ஆவியும் தட்டுக்குள்ளேயே அடங்கும், சமையல் ஓவன் என்பதால் இது முக்கியம். 175 டிகிரியைத் தாண்டினால் க்ளேயிலுள்ள பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அப்படி ஆனால் ஓவனை அணைத்து, ஜன்னலைத் திறந்து, எல்லாரையும் வெளியேற்றுங்கள்.

சூடு குறைந்தால் புகை வராது, நிறமும் மாறாது. நகை வீட்டுக்குப் போன பிறகு படக்கென்று முறியும். இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம், காட்டிவிடலாம். 3 மி.மீ. தடிமனில் இரண்டு பட்டைகளை இங்கேயே சுட்டுக் கொண்டுபோங்கள், ஒன்று சரியான சூட்டில், மற்றொன்று 90 டிகிரியில். முதலாவது வளையும், இரண்டாவது ஒடியும். அதேபோல் காதணியின் ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்திச் சுட்ட மாதிரிகள் ஐந்தாறு இருந்தால், தமிழ் தடுமாறும் பிள்ளைகளுக்கும் பாடம் கண்ணால் புரியும்.

ஜிமிக்கி வேண்டாம். குடையை அச்சின்மேல் ஒருமுறை சுட்டு, ஆறவைத்து, முத்தும் விளிம்பும் சேர்த்து மறுபடி சுட வேண்டும். மூன்று மணி நேரத்தில் முடியாது. கடுகு மஞ்சள் தகட்டில் வெள்ளைப் புள்ளிக் கோலம் போட்ட தட்டைக் காதணி போதும், பார்த்ததும் புதுச்சேரி என்று தெரியும். பிசைய 20 நிமிடம், தேய்க்க 20, கோலத்துக்கு 40, வெட்ட 15, சுட 35, ஆற 15, தண்டு ஒட்ட 25. பத்து நிமிடம் கையில் மிஞ்சும், அது தேவைப்படும். பாஸ்தா மெஷின் இரண்டு இருந்தால் நல்லது. இல்லையென்றால் உருளையின் இரு பக்கமும் 3 மி.மீ. பட்டி வைத்துத் தேய்க்கலாம்.

சௌகார்பேட்டையில் டஜன் கணக்கில் வாங்கும் கொக்கி, கம்மல் தண்டு எதையும் எடுத்துப் போகாதீர்கள். காது துளையில் நுழையும் பாகத்திலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. நகையின் உலோகப் பாகத்தில் காரீயம் 0.05 சதவீதத்தையும் கேட்மியம் 0.01 சதவீதத்தையும் எட்டக் கூடாது. நம் மலிவுக் கொக்கியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் மாட்டிவிட்ட கம்மலில் ஒரு பிள்ளைக்குக் காது புண்ணாக விடலாமா? டைட்டானியம் தண்டுகளைச் சங்கத்தாரே அங்கே வாங்கட்டும். ஒட்டுவதற்கு முன் பின்புறத்தை 400 நம்பர் உப்புத்தாளால் உரசி ஆல்கஹாலால் துடைக்க வேண்டும், எண்ணெய்ப் பசை இருந்தால் தண்டு கழன்றுவிடும். அந்த ஆல்கஹால், சூப்பர் க்ளூ இரண்டும் அங்கேயே வாங்கிக்கொள்ளும் பட்டியலில் சேரட்டும், விமானத்தில் வேண்டாம்.

நீங்கள் கட்ட வேண்டியது: தெர்மாமீட்டர், சுட்ட மாதிரிகள், கட்டர்கள், க்ளே வெட்டும் மெல்லிய நீளமான டிஷ்யூ பிளேடு நான்கு. பிளேடும் கட்டரும் செக்-இன் பையில்தான் போக வேண்டும். பிளேடின் மழுங்கிய பக்கத்தில் நெயில் பாலிஷ் தீட்டினால் புதியவர்கள் கூர்ப்பக்கத்தை அழுத்த மாட்டார்கள். விற்கலாமே என்று ஐம்பது ஜோடி எடுத்துப் போக ஆசை வரும். விமானப் பயணிக்கு உள்ள 430 யூரோ சுங்கச் சலுகை சொந்த உபயோகத்துக்கும் பரிசுக்கும்தான், விற்பனைச் சரக்குக்கு இல்லை.

கட்டணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள். ரொக்க யூரோவாகத் தந்தால், ஊர் திரும்பி 180 நாளுக்குள் 2,000 டாலர் மதிப்புக்கு மேற்பட்டதை வங்கியில் கொடுத்து ரூபாயாக மாற்றிவிட வேண்டும்.