வேலி அடைக்கும் காலம்: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: ஐயா, பழமையைப் பேணுபவன் என்று உங்களை நீங்களே இந்தப் பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 ஆசனங்களைத் தெற்கை மையமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி வென்றது. இதைத் தமிழரின் தோல்வியாகத்தானே நீங்கள் பார்க்கிறீர்கள்? (கோப்பாயிலிருந்து ஓர் இளம் ஆசிரியர்)

பதில்: நான் அந்தக் கட்சிக்கு வாக்களிக்கவில்லை. ஆனாலும் அந்த முடிவை மதிக்கிறேன். வாக்களித்த அயலவர்களை ஏமாந்தவர்கள் என்று பேசுவதை என் வீட்டுத் திண்ணையில் நான் அனுமதிப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் வேலி வைத்திருந்தவர்களுக்கு ஒன்று தெரியும். கிடுகு ஆண்டுக்கொருமுறை உக்கிப்போகும். நட்ட கதியால் மரம் நிற்கிறது என்ற நம்பிக்கையில் வேலி அடைக்காமல் விட்டவர், தோட்டத்துக்குள் மாடு வந்துவிட்டது என்று மாட்டைக் குறைசொல்ல முடியாது. தமிழ்க் கட்சிகள் தங்கள் வேலியை அடைக்கவில்லை என்பதே என் கவலை.

நடந்தவற்றை வரிசையாக எண்ணிப் பாருங்கள். 1949 இல் தொடங்கிய தமிழரசுக் கட்சி 2024 ஜனவரியில் வாக்கெடுப்பு மூலம் ஒரு தலைவரைத் தெரிவு செய்தது. அடுத்த மாதமே அந்தத் தெரிவு திருகோணமலை நீதிமன்றத்துக்கு வழக்காகப் போனது. செப்டெம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் அதே கட்சியைச் சேர்ந்த பா. அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்றபோது, கட்சியின் மத்திய குழு தென்னிலங்கை வேட்பாளர் சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதாக அறிவித்தது. தலைவர்கள் ஆளுக்கொரு திசையைக் காட்டிய அந்தத் தேர்தலிலும் 226,343 பேர் பொது வேட்பாளருக்கு வாக்களித்தார்கள். கட்டுப்பாடு வாக்காளரிடம் இருந்தது, கட்சியிடம் இருக்கவில்லை. நவம்பரில் அதே வாக்காளர்கள் சினத்தோடு வேறு பக்கம் திரும்பினார்கள். 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கின் பல சபைகளில் மீண்டும் தமிழ்க் கட்சிகளை முன்னுக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. இத்தனை விரைவாகத் திருத்தம் செய்யத் தெரிந்த மக்களை வைத்துக்கொண்டு, அவர்களுக்கு அரசியல் விளங்கவில்லை என்று மேடையில் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

கேள்வி: மாகாண சபையால் எமக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மறுபடி ஒரு தேர்தலைக் கேட்பது வீண் அல்லவா? (சாவகச்சேரி)

பதில்: வீண் அல்ல. குறையுள்ள நிறுவனம் கையில் இருக்கும்போது அதை வெறுத்து ஒதுக்கினால் அதைவிட நல்லது தானாக வந்து சேரும் என்று எண்ணுவது எங்கள் ஊரின் பழைய பிழை. 1931 இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் அரசாங்க சபைக்கு முதல் தேர்தல் நடந்தபோது, முழுச் சுதந்திரத்துக்குக் குறைந்த எதையும் ஏற்கமாட்டோம் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்பைக் கோரியது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. அந்த இளைஞர்களின் நேர்மையை நான் மதிக்கிறேன். சாதி வேறுபாட்டுக்கு எதிராக அவர்கள் அன்றே பேசியதையும் மறக்கவில்லை. ஆனால் 1934 இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை கொழும்பில் எங்கள் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. வெறும் கதிரையின் சார்பில் எவரும் பேசியதில்லை.

இன்றும் அதே நிலைதான், இம்முறை மற்றவர்கள் செய்த காரியத்தால். அரசியலமைப்புக்கு 1987 இல் வந்த 13 ஆம் திருத்தத்தில் பிறந்த முறை இது. வடக்கு தனி மாகாணமாகத் தேர்தலைக் கண்டது 2013 செப்டெம்பர் 21 இல் மட்டுமே. 38 ஆசனங்களில் 30 ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்தோம். 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. அன்று முதல் ஆளுநரின் நிர்வாகம். 2017 இல் தேர்தல் முறையை மாற்றும் சட்டத்தை நிறைவேற்றிய பாராளுமன்றம், அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் ஒரு வாக்குக்கூட ஆதரவாக விழாமல் தோற்கடித்தது. பழைய முறை நீக்கப்பட்டது, புதிய முறைக்கு எல்லைகள் இல்லை, ஆகவே தேர்தலும் இல்லை. இந்த முடிச்சைப் போட்டது பாராளுமன்றம். ஒரு சிறு திருத்தச் சட்டத்தால் பழைய முறையிலாவது தேர்தலை நடத்தலாம் என்பதை வடக்கின் ஒவ்வோர் உறுப்பினரும் ஒவ்வோர் அமர்விலும் எழுந்து சொல்ல வேண்டும்.

எங்கள் பங்கையும் மறைக்கக் கூடாது. கிடைத்த ஐந்து ஆண்டுகளில் எங்கள் சபை நூற்றுக்கணக்கான தீர்மானங்களை நிறைவேற்றியது. சட்ட வலு உள்ள நியதிச் சட்டங்களோ கொஞ்சம். தீர்மானம் உள்ளத்தைச் சொல்லும். குளத்தைத் தூர்வாரவும், வீதியைத் திருத்தவும், பாடசாலைக்கு ஆசிரியரை அனுப்பவும் நியதிச் சட்டமும் வரவு செலவுத் திட்டமும் வேண்டும். அடுத்த சபைக்கு வேட்பாளராக வருபவரிடம், எந்த நியதிச் சட்டத்தை முதலில் கொண்டுவருவீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அவருக்கு உங்கள் வாக்கும் இல்லை.

கேள்வி: பிரான்சில் இருக்கும் எங்கள் அண்ணர், அப்பாவின் முதுசக் காணியில் தன் பங்கை யாரென்றே தெரியாத ஒருவருக்கு விற்கப் பேசுகிறார். தேசவழமை இன்றும் செல்லுமா? (ஊர்காவற்றுறையிலிருந்து ஒரு சகோதரி)

பதில்: செல்லும், தங்கச்சி. தேசவழமை யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டம். ஒல்லாந்தர் காலத்தில், யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் அதிகாரியாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் எங்கள் வழக்கங்களைத் திரட்டி எழுதினார். 12 முதலியார்கள் பார்த்துச் சரியென்று ஒப்பிய பிறகே அது 1707 இல் ஒரு தொகுப்பாயிற்று. 1806 இல் ஆங்கிலேயரும் அதற்குச் சட்டவலுக் கொடுத்தார்கள். பங்குக் காணியை வெளியாருக்கு விற்குமுன் பங்காளிகளுக்கும் உரித்தாளராகக் கூடியவர்களுக்கும் அறிவிக்க வேண்டும், அவர்களுக்கு முந்தி வாங்கும் உரிமை உண்டு என்பதை 1947 இன் கட்டளைச் சட்டம் தெளிவாக்கியிருக்கிறது. உங்கள் பழைய உறுதிகளை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். இந்த உரிமைக்குக் கால எல்லை உண்டு, பிந்தினால் கைவிட்டுப் போகும்.

சட்டத்தை விட முந்தியது ஒன்று இருக்கிறது. அண்ணருக்கு நீங்களே தொலைபேசி எடுங்கள். சந்தை விலையைக் கேட்டறிந்து, நாங்கள் இவ்வளவு தருகிறோம், தவணையாகத் தருகிறோம் என்று சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களில் பலர் காசுக்காக மட்டும் விற்பதில்லை. ஊரில் தம்மை எவரும் கேட்பதில்லை என்ற மனத்தாங்கலிலும் விற்கிறார்கள்.

தேசவழமையின் எல்லா விதியையும் நான் காக்கச் சொல்வதாக எவரும் எண்ணக் கூடாது. மணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும் என்ற விதி இன்றும் இருக்கிறது. கணவன் காணாமலாக்கப்பட்ட, அல்லது விட்டுப்போன பெண்கள் எத்தனையோ பேர் வாழும் மண்ணில் அந்த விதி அவர்களை நீதிமன்றப் படியேற வைக்கிறது. அது உக்கிய கிடுகு. கழற்றிவிட்டுப் புதியது கட்ட வேண்டும்.

கேள்வி: மகளின் சாமத்தியவீட்டை (பூப்பு நீராட்டு விழாவை) வீட்டோடு சிறிதாகச் செய்ய விரும்புகிறேன். கனடாவில் இருக்கும் என் தம்பி, மண்டபமும் ட்ரோன் கமராவும் வேண்டும், செலவு முழுவதும் தன்னுடையது, அதுதான் தமிழ்ப் பண்பாடு என்கிறார். (மானிப்பாயிலிருந்து ஒரு தாய்)

பதில்: உங்கள் தம்பி அன்பால் சொல்கிறார், ஆனால் பண்பாடு எது என்பதில் பிழைவிடுகிறார். நான் சிறுவனாக இருந்தபோது என் அக்காவுக்கு வீட்டுக் கிணற்றடியில் தண்ணீர் வார்த்தார்கள். மாமன் தேங்காய் உடைத்தார், மாமிமார் ஆலாத்தி எடுத்தார்கள், அயலட்டைக்குப் பலகாரம் போனது. அவ்வளவும் உறவு செய்த காரியம். மண்டபமும் பல்லக்கும் படப்பிடிப்பும் கடந்த சில பத்தாண்டுகளில் வந்து சேர்ந்தவை. அவற்றில் உறவுக்காரர் பார்வையாளராகிவிடுகிறார். பழமையைப் பேண விரும்பும் நான் உங்கள் பக்கமே நிற்கிறேன்.

பிள்ளையிடம் கேட்டீர்களா? கேளுங்கள். தன் உடலைப் பற்றிய செய்தி பெரிய திரையில் ஓடுவதை அவள் விரும்பவில்லையென்றால் அதற்கு மேல் பேச்சில்லை. தம்பியிடம், மாமன் முறைக்கு நீ நேரில் வந்து தேங்காய் உடைக்க வேண்டும், மண்டபக் காசை அவள் பெயரில் வங்கியில் வைப்போம் என்று சொல்லுங்கள். அவர் வரவே இப்படிச் சொல்கிறேன். காசை மறுப்பதற்காக அல்ல.

கேள்வி: அஞ்சலோ மத்யூஸை நேரம் கடந்ததென்று ஆட்டமிழக்கச் செய்தது சரியா? எங்கள் வீட்டில் இன்னும் வாக்குவாதம் முடியவில்லை. இலங்கைத் துடுப்பாட்டம் இந்த நிலைக்கு வந்ததேன்? (வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு மாணவர்)

பதில்: தம்பி, 2023 நவம்பர் 6 ஆம் திகதி டெல்லியில் நடந்ததை முதலில் ஒழுங்காகச் சொல்வோம். உலகக் கிண்ண விதிப்படி முன்னவர் ஆட்டமிழந்து 2 நிமிடங்களுக்குள் அடுத்தவர் பந்தை எதிர்கொள்ளத் தயாராக வேண்டும். மத்யூஸின் தலைக்கவசப் பட்டி அறுந்தது, நேரம் போனது, பங்களாதேஷ் தலைவர் ஷகிப் அல் ஹசன் முறையிட்டார், நடுவர்கள் ஆட்டமிழப்புக் கொடுத்தார்கள். சர்வதேச ஆட்டத்தில் அப்படி ஆட்டமிழந்த முதலாமவர் அவர். நடுவர்கள் சரி, விதி அதுதான். ஷகிப் முறையீட்டை மீளப் பெற்றிருக்கலாம். அதற்கான வாய்ப்பு அவருக்கு இருந்தது, பெறவில்லை. விதி அனுமதிக்கும் எல்லாவற்றையும் செய்துவிட்டு நிம்மதியாக இருப்பவரை நான் நல்ல தலைவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆட்டம் முடிந்து எங்கள் வீரர்கள் கைகுலுக்காமல் போனதையும் சரியென்று சொல்லமாட்டேன். தோற்ற அன்று கைகுலுக்குவதற்கே அந்த வழக்கம் ஏற்பட்டது.

உங்கள் இரண்டாவது கேள்விதான் என் மனதை வருத்துகிறது. அந்த ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பு மும்பையில் இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்கு எல்லோரும் ஆட்டமிழந்தோம். விளையாட்டு அமைச்சர் கிரிக்கெட் சபையைக் கலைத்தார். நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நவம்பர் 10 இல் சர்வதேச கிரிக்கெட் பேரவை, அரசாங்கத் தலையீடு என்று சொல்லி இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. 2024 ஜனவரியில் அந்த இடைநிறுத்தம் நீங்கியது; ஆனால் இங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் அதற்குள் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது. சபையில் இருந்தவர்களும் அமைச்சில் இருந்தவர்களும் மோதியதற்கு, சொந்த மண்ணில் ஆடும் வாய்ப்பை இழந்தவர்கள் உங்கள் வயதுப் பிள்ளைகள்.

ஊழலைப் பொறுத்தவரை, சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. விளையாட்டுக் குற்றங்களைத் தடுக்கும் 2019 இன் 24 ஆம் இலக்கச் சட்டம் ஆட்ட நிர்ணயத்துக்கு 10 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. தெற்காசியாவில் இதைக் குற்றவியல் குற்றமாக்கிய முதல் நாடு நாங்கள். அதே ஆண்டு சனத் ஜயசூரிய, ஆட்ட நிர்ணயத்துக்காக அல்ல, விசாரணைக்கு ஒத்துழைக்காததற்காக 2 ஆண்டுத் தடை பெற்றார். தடைக்காலம் முடிந்து 2024 இல் தேசிய அணியின் பயிற்றுநராகி நன்றாகப் பணி செய்தார். தண்டனையை அனுபவித்து முடித்தவரை மறுபடி தண்டிப்பது எங்கள் முறையல்ல. ஆனால் 1996 இல் உலகக் கிண்ணம் வென்றபோது நாங்கள் வீதியில் இறங்கிக் கொண்டாடிய ஒருவர், விசாரணையாளர் கேட்ட நாளில் கைத்தொலைபேசியைக் கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

கொழும்பை மட்டும் பார்க்க வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்தில் ஓர் உதைபந்தாட்ட இறுதியாட்டத்தில், தண்டனை உதை கொடுத்ததற்காக நடுவரைச் சூழ்ந்து நின்று பெரியவர்கள் தள்ளினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற சிறுவன் கைதட்டினான். சென். ஜோன்ஸ் கல்லூரியும் யாழ். மத்திய கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் துடுப்பாட்டப் போட்டியான வடக்கின் பெருஞ்சமருக்கு இத்தனை மதிப்பு இருப்பது, போரையும் இடப்பெயர்வையும் கடந்து அது மீண்டும் மீண்டும் ஆடப்பட்டதால் மட்டுமல்ல. நடுவர் விரலை உயர்த்தினால் பிள்ளை திரும்பி நடப்பதாலும்தான். அடுத்த ஆட்டத்தில் உங்களுக்குப் பிழையாக ஆட்டமிழப்புக் கொடுத்தால், துடுப்பை நிலத்தில் அடிக்காமல் நடந்து வாருங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயிலில் திருவிழாக் காலத்தில் இரவிரவாக ஒலிபெருக்கி. உபயகாரர் வரும்வரை பூசையும் காத்திருக்கிறது. மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். சொன்னால் சமய விரோதி என்கிறார்கள். (அளவெட்டி)

பதில்: நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைக் காட்டுங்கள். அங்கே திருவிழாவின் 25 நாளும் மணி தவறாமல் பூசை நடக்கிறது. எந்தப் பிரமுகருக்காகவும் சுவாமி காத்திருப்பதில்லை. அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய்தான், ஏழைக்கும் செல்வருக்கும். யாழ்ப்பாணத்தில் அதைவிடப் பழமை பேணும் இடத்தை எவராவது காட்டட்டும். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதி கொடுக்கக் கூடாது என்ற பொதுவிதியை உச்ச நீதிமன்றம் 2007 இல் வகுத்திருக்கிறது. பரிபாலன சபைக்கு இந்த இரண்டையும் பணிவாக எழுதி, அயலில் பரீட்சை எழுதும் பிள்ளைகள் உள்ள வீடுகளின் கையொப்பத்தையும் வாங்கிச் சேருங்கள். பொலிசுக்குப் போவது அதற்குப் பிறகு. பதில் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு எழுதுங்கள்; கோயிலின் பெயரை வெளியிடாமல் அடுத்த இதழில் தொடர்வேன்.